அப்பாவின் ஃபைல்: டோம்பிவிலியிலிருந்து செம்பூருக்கு

நம் நாட்டில் புறநோயாளியின் மருத்துவ வரலாறு பெரும்பாலும் வீட்டு பீரோவில்தான் இருக்கிறது. டாக்டர் சீட்டில் எழுதுகிறார், சீட்டு நம் கைக்கு வருகிறது. அடுத்த முறை அதை நீட்டினால்தான் போன முறை என்ன எழுதினோம் என்பது அவருக்கே தெரியும். மும்பையில் இந்தச் சீட்டுக்குக் கேஸ் பேப்பர் என்று பெயர். மாநகராட்சி ஆஸ்பத்திரிகளில் காலையில் முதலில் நிற்கும் வரிசை அதற்காகத்தான். எங்கள் அப்பாவின் கேஸ் பேப்பர்கள் மாட்டுங்காவில் அம்மா புடவை எடுத்த ஒரு கடையின் பையில் இருந்தன. எக்ஸ்ரே மடங்காமல் இருக்க, பையின் நடுவில் பழைய காலண்டர் அட்டை ஒன்றையும் சொருகியிருந்தார்.

இந்த ஏற்பாட்டை எல்லோரும் குறை சொல்கிறார்கள். எனக்கு அதன்மீது ஓரளவு மரியாதை உண்டு. காகிதம் நம் கையில் இருக்கும்வரை யாரிடமும் போய்க் கேட்க வேண்டியதில்லை. சிக்கல் உள்நோயாளியாகப் படுக்கும்போதுதான் தொடங்குகிறது. அங்கே எழுதப்படுவதெல்லாம் ஆஸ்பத்திரியோடு தங்கிவிடும். நமக்கு வருவது டிஸ்சார்ஜ் சம்மரி என்ற இரண்டு பக்கம். பல வீடுகளில் அதையே முழு ரெக்கார்டு என்று நம்பிக்கொண்டிருக்கிறார்கள்.

அப்பாவுக்கு 2018இல் இதயக் குழாயின் அடைப்பை நீக்க ஆஞ்சியோபிளாஸ்டி செய்து, குழாயைத் திறந்தே வைத்திருக்கும் ஸ்டென்ட் வைத்தார்கள். அப்போது அப்பாவும் அம்மாவும் மும்பைக்கு வெளியே டோம்பிவிலியில் இருந்தார்கள். அங்கேயே ஒரு தனியார் ஆஸ்பத்திரி, அங்கேயே ஓர் இதய டாக்டர். பிறகு மூட்டுவலி வந்தது, மூன்றாவது மாடி வீடு, லிஃப்ட் கிடையாது. இருவரையும் செம்பூரில் எங்கள் வீட்டுக்கு அழைத்துவந்துவிட்டோம். பழைய டாக்டரிடமே தொடர வேண்டுமானால் ஹார்பர் லைனில் குர்லா வரை போய், அங்கே படியேறி இறங்கி சென்ட்ரல் லைனுக்கு மாற வேண்டும். குர்லாவின் பாலத்தைப் பார்த்தவர்களுக்கு நான் மேற்கொண்டு விளக்க வேண்டியதில்லை. செம்பூரிலேயே ஒரு டாக்டரைப் பார்ப்பது என்று முடிவானது.

முடிவு செய்தது நாங்கள். அப்பாவுக்கு அதில் மனமில்லை. "இத்தனை வருடம் பார்த்த மனிதர். இப்போது போய் ஃபைலைக் கொடுங்கள் என்றால் என்ன நினைப்பார்?" என்றார். புதிய டாக்டரிடம் எல்லாவற்றையும் முதலிலிருந்து சொல்லிக்கொள்ளலாம், பழையவரிடம் சொல்லாமலே நின்றுவிடலாம் என்பது அவர் யோசனை. அம்மா, "மாத்திரை பெயரே உங்களுக்குச் சொல்ல வராது, வெள்ளை மாத்திரை, மஞ்சள் மாத்திரை என்பீர்கள். நீங்களா முதலிலிருந்து சொல்லப் போகிறீர்கள்?" என்று கேட்டதும் பேச்சு அடங்கியது.

இந்தத் தயக்கம் அப்பாவுக்கு மட்டும் உரியதில்லை. தெரிந்த குடும்பங்களில் ரெக்கார்டு கேட்காமலேயே டாக்டரை மாற்றியவர்களைக் கணக்கெடுத்தால், ஆஸ்பத்திரி மறுத்ததால் விட்டவர்கள் மிகச் சிலர்தான். கேட்கக் கூச்சப்பட்டு விட்டவர்களே மற்ற எல்லோரும். கேட்பது டாக்டரின் திறமையைச் சந்தேகிப்பது போலாகிவிடும் என்ற எண்ணம். போதாததற்கு, ஆஸ்பத்திரிக்காரர்களுக்கும் ரெக்கார்டு கேட்பவர் என்றாலே வழக்குப் போடப் போகிறவர் என்ற பயம். இரண்டு பக்கத்துப் பயமும் சேர்ந்து அந்தக் காகிதங்களை ஏதோ ரகசியம் ஆக்கிவைத்திருக்கின்றன.

சட்டத்தைப் பார்த்தால் அதில் ரகசியம் எதுவும் இல்லை. இந்திய மருத்துவ கவுன்சில் 2002இல் வெளியிட்ட மருத்துவர் நடத்தை விதிகள், நோயாளியோ அவர் அதிகாரம் கொடுத்தவரோ ரெக்கார்டு கேட்டால், கேட்டதற்கு ஒப்புகை கொடுத்து 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்கின்றன. தராவிட்டால் அது தொழில் நடத்தைக் குற்றம், மாநில மருத்துவ கவுன்சிலில் புகார் செய்யலாம். 2023 ஆகஸ்டு தொடக்கத்தில், அந்தக் கவுன்சிலின் இடத்துக்கு வந்த தேசிய மருத்துவ ஆணையம் புதிய விதிகளைக் கொண்டுவந்து, இந்தக் கெடுவை ஐந்து வேலைநாளாக மாற்றியது. அதே மாதம் 23ஆம் தேதி அந்த விதிகளையே நிறுத்திவைத்துவிட்டு 2002ஆம் ஆண்டு விதிகளுக்குத் திரும்பியது. மும்பைவாசிகளுக்கு அதற்கும் முந்தைய ஆதாரம் ஒன்று இருக்கிறது. நோயாளியோ நெருங்கிய உறவினரோ கேட்டால் கேஸ் பேப்பர்களின் நகலை ஆஸ்பத்திரியும் டாக்டரும் கொடுத்தாக வேண்டும், அதற்குரிய கட்டணம் கேட்கலாம் என்று பம்பாய் உயர் நீதிமன்றம் 1996இலேயே சொல்லியிருக்கிறது.

இதையெல்லாம் தெரிந்துகொண்டு போங்கள், ஆனால் கவுன்டரில் முதல் வாக்கியமாக எடுத்துவிடாதீர்கள். ஜன்னலுக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பவர் உயர் நீதிமன்றத்தின் பெயரைக் கேட்டதும் ஃபைலைத் தேடப் போகமாட்டார், மேலாளரைத் தேடித்தான் போவார்.

பெரிய ஆஸ்பத்திரிகளில் இதற்கென்றே மெடிக்கல் ரெக்கார்ட்ஸ் என்று ஒரு பிரிவு உண்டு. பெரும்பாலும் அடித்தளத்தில், பிணவறைக்கும் சலவைக்கூடத்துக்கும் இடையில் எங்காவது இருக்கும். வரவேற்பில் இருப்பவர்களுக்கே சில சமயம் வழி தெரியாது. நாங்கள் போன இடத்தில் இருந்த பெண்மணி கேட்ட முதல் கேள்வி, "கிஸ் லியே? (எதற்கு?) கோர்ட்டா, இன்ஷூரன்ஸா?" இரண்டும் இல்லை, வீடு மாறிவிட்டோம், செம்பூரில் வேறு டாக்டரைப் பார்க்கப் போகிறோம் என்றேன். அவர் முகம் தெளிந்துவிட்டது. கூட வந்திருந்த அப்பாவைப் பார்த்து, "அங்கிள், செம்பூரில் லிஃப்ட் இருக்கிறதா?" என்று விசாரித்தார். அதற்குப் பிறகு அவர் எங்கள் பக்கம்.

எழுதிக் கொடுக்க வேண்டியது ஒரு பக்கம்தான். நோயாளியின் பெயர், ஆஸ்பத்திரிப் பதிவு எண், சேர்ந்த தேதி, வெளியே வந்த தேதி, எந்த டாக்டரின் கீழ் என்ற விவரம். பதிவு எண் பழைய பில்லின் மேல்மூலையில் இருக்கும். நோயாளி வர முடியாவிட்டால் அவர் கையெழுத்திட்ட அதிகாரக் கடிதமும் இருவரின் அடையாள அட்டை நகல்களும் வேண்டும். காரணம் என்ற இடத்தில் 'வேறு மருத்துவரிடம் தொடர் சிகிச்சைக்காக' என்று எழுதுங்கள். இரண்டு பிரதி எடுத்துப்போய், ஒன்றில் இன்வர்ட் நம்பரும் (மனு வந்ததற்கான பதிவு எண்) தேதி முத்திரையும் வாங்கிக்கொள்ளுங்கள். 72 மணி நேரம் என்பது அந்த முத்திரை இல்லாவிட்டால் எப்போது தொடங்கியது என்றே சொல்ல முடியாது.

'என் ரெக்கார்டு எல்லாம் வேண்டும்' என்று பொதுவாக எழுதினால், அந்த டிஸ்சார்ஜ் சம்மரியையே இன்னொரு முறை அச்சடித்துக் கொடுத்து அனுப்பிவிடுவார்கள். எங்களுக்கும் முதலில் அதுதான் வந்தது. வேண்டியதைப் பெயர் சொல்லிக் கேட்க வேண்டும். உள்நோயாளி கேஸ் பேப்பர் என்பதற்குள் நிறைய அடங்கும்: சேர்க்கும்போது டாக்டர் எழுதிய குறிப்பு, தினமும் ரவுண்ட்ஸில் எழுதியவை, நர்ஸ்களின் அட்டவணை, எந்த மருந்து எந்த நேரத்தில் கொடுக்கப்பட்டது என்ற தாள், அறுவைக் குறிப்பு, மயக்க மருந்துக் குறிப்பு, நாம் கையெழுத்துப் போட்ட சம்மதப் படிவங்கள். சம்மரியில் 'நோயாளி நிலையாக இருந்தார்' என்று ஒரே வரியில் முடிந்துபோன இரவு, நர்ஸ் அட்டவணையில் மணிக்கு மணி இருக்கும்.

இதய நோயாளிக்கு இவற்றைவிட முக்கியமான சில பொருள்கள் உண்டு. முதலாவது ஆஞ்சியோகிராம் சிடி, அதாவது இதயக் குழாய்களை எடுத்த படம். ரிப்போர்ட்டில் இத்தனை சதவீத அடைப்பு என்று எழுதியிருக்கும். புதிய டாக்டர் அந்தச் சதவீதத்தை நம்பமாட்டார், படத்தைத் தானே ஓட்டிப் பார்க்கத்தான் விரும்புவார். பழைய சிடியைப் பையிலிருந்து எடுத்தால் தேய்ந்து கீறலாக இருக்கும், வீட்டு லேப்டாப்பில் அதைப் போடும் பெட்டியே இருக்காது. ஆஸ்பத்திரியின் கணினியில் படம் இன்னும் இருக்கிறதா என்று கேட்டுப் புதிதாக எழுதி வாங்கிக்கொள்வது நல்லது. பென் டிரைவ் கொடுத்தால் வைரஸ் வரும் என்று சில இடங்களில் தொடமாட்டார்கள்.

இரண்டாவது ஸ்டென்டின் ஸ்டிக்கர். பெட்டியிலிருந்து உரித்து ஃபைலில் ஒட்டுவார்கள். கம்பெனி, அளவு, பேட்ச் எண் எல்லாம் அதில் இருக்கும். 2017 பிப்ரவரியில் மத்திய அரசின் மருந்து விலை ஆணையம் ஸ்டென்டுக்கு உச்சவிலை நிர்ணயித்தபோது, ஸ்டென்டின் விலை, பிராண்டு, பேட்ச் எண் ஆகியவற்றைப் பில்லில் தனியாகக் காட்ட வேண்டும் என்றும் உத்தரவிட்டது. அதனால் அதற்குப் பிறகு ஸ்டென்ட் வைத்தவர்கள், ஸ்டிக்கர் கிடைக்காவிட்டால் பில்லைப் பாருங்கள். எந்த வகை ஸ்டென்ட், எந்தத் தேதியில் வைத்தது என்பதைப் பார்த்துத்தான் இரத்தம் உறையாமல் இருக்கும் மாத்திரைகளில் எதை எதுவரை கொடுப்பது என்று முடிவு செய்கிறார்கள். பேஸ்மேக்கர் வைத்தவர்களுக்கு இதே வேலையை அவர்களுக்குத் தரப்படும் அட்டை செய்கிறது. எம்ஆர்ஐ எடுக்கலாமா என்ற கேள்வி வரும்போது முதலில் கேட்பது அதைத்தான்.

மூன்றாவது ஈசிஜி. அந்த இளஞ்சிவப்புக் கட்டம் போட்ட காகிதம் பெரும்பாலும் சூட்டில் அச்சாகும் வகை. சில வருடங்களில் மங்கி, வெறும் கட்டம்தான் மிஞ்சும். வாங்கிய அன்றே ஜெராக்ஸ் எடுத்துவிட வேண்டும். அப்பாவின் பையில் இருந்த பழைய ஈசிஜிக்களில் பெயர் எழுதிய பேனா மை அப்படியே இருக்கிறது, இதயத்தின் கோடுகள்தான் காணாமல் போய்விட்டன.

இன்ஷூரன்ஸைப் பற்றியும் ஒரு வார்த்தை. கேஷ்லெஸ் என்றால் அசல் காகிதங்களில் பல ஆஸ்பத்திரி வழியாகக் காப்பீட்டுக் கம்பெனிக்குப் போய்விடும். பணத்தை நாமே கட்டிவிட்டுப் பிறகு கேட்பதானாலும் அசல்தான் கேட்பார்கள். டிஸ்சார்ஜ் நாளன்று, பில் தீர்க்கும் அந்தக் களேபரத்திலும், முழு செட் நகல் எடுக்காமல் வெளியே வராதீர்கள்.

நாங்கள் கேட்டதில் ஒரு பகுதி உடனே கிடைத்தது. மீதி பிவண்டிப் பக்கம் ஒரு கிடங்கில் இருக்கிறது, வரவழைக்க வேண்டும் என்றார்கள். இதில் அவர்களைக் குறை சொல்ல முடியாது. 2002ஆம் ஆண்டு விதிப்படி உள்நோயாளியின் ரெக்கார்டை சிகிச்சை தொடங்கிய நாளிலிருந்து மூன்று வருடம் வைத்திருந்தால் போதும். அப்பாவுடையது அந்தக் கெடுவை எப்போதோ தாண்டியிருந்தது. கிழித்துப் போட்டிருந்தால்கூட யாரும் கேட்க முடியாது. ஆகவே 72 மணி நேரத்தைவிட இந்த மூன்று வருடத்தைத்தான் நினைவில் வைக்க வேண்டும் என்பேன். அறுவை சிகிச்சை முடிந்து முதல் செக்கப்புக்குப் போகும்போதே கேட்டு வாங்கி வைத்துவிடலாம். அப்போது டாக்டரை மாற்றும் பேச்சே இருக்காது, யாருக்கும் மனத்தாங்கலும் இருக்காது.

கிடங்கிலிருந்து ஃபைல் வந்தது. ஜெராக்ஸுக்குப் பக்கக் கணக்கில் பணம் கட்டினோம். பக்கங்களைச் சரிபார்த்தபோது சம்மதப் படிவத்தில் என் தம்பியின் கையெழுத்து இருந்தது. அன்றைக்குப் புனேயிலிருந்து ஓடி வந்த பதற்றம் அந்த எழுத்தில் தெரிந்தது. அவன் இப்போது எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து ஒரே பிடிஎஃப் ஆக்க வேண்டும் என்கிறான். செய்யட்டும்.

கேட்டு வாங்கியதிலேயே மதிப்புள்ளது எதுவென்றால், விதிகளில் எங்கும் நான் பார்க்காத ஒன்றுதான். அப்பா கூச்சப்பட்ட அந்த டாக்டரைக் கடைசியாக ஒருமுறை பார்க்கப் போனோம். விஷயத்தைச் சொன்னதும் அவர், "இந்த மூட்டுவலியை வைத்துக்கொண்டு குர்லா பாலத்தில் ஏன் ஏறி இறங்க வேண்டும்? நானே சொல்லியிருப்பேன்" என்றார். லெட்டர்பேடை இழுத்துப் புதிய டாக்டருக்கு ஒரு பக்கம் எழுதினார். ஸ்டென்ட் எந்தக் குழாயில், எப்போது. எக்கோவில் இதயம் பம்ப் செய்யும் அளவு அப்போது எவ்வளவு, இப்போது எவ்வளவு. சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் வருடாவருடம் எப்படி நகர்ந்தது. அதோடு ஒரு வரி: ராமிப்ரில் கொடுத்ததில் வறட்டு இருமல், நிறுத்தி வேறு மாற்றினேன்.

அந்த வரி வேறு எந்தக் காகிதத்திலும் இல்லை. பழைய சீட்டில் ராமிப்ரில் இருக்கும், பிந்தைய சீட்டில் இருக்காது. ஏன் நின்றது என்று சீட்டு சொல்லாது. இருமல் அந்த மருந்தின் நன்கு அறிந்த பக்கவிளைவு, அதே சமயம் இதய நோயாளிகளுக்கு டாக்டர்கள் அடிக்கடி எழுதும் மருந்தும் அதுதான். புதியவர் மறுபடி அதையே எழுதியிருப்பார். அப்பா இரவெல்லாம் இருமுவார், நாங்கள் மும்பைப் புழுதியைக் குற்றம் சொல்லியிருப்போம். கொடுத்த மருந்துகளின் பட்டியல் எங்கும் கிடைக்கும். நிறுத்திய மருந்துகளின் காரணம் டாக்டரின் தலையில்தான் இருக்கிறது. ரெக்கார்ட்ஸ் பிரிவில் மனு கொடுத்துவிட்டு, டாக்டரின் முகத்தைப் பார்க்காமல் நழுவுகிறவர்கள் இழப்பது இதைத்தான்.

எங்கள் கட்டடத்தில் ஒரு திருநெல்வேலிக்காரர் வீடு இருக்கிறது. தாராவியிலிருந்து வந்தவர்கள். அந்த வீட்டு அக்காவின் தாயாருக்கு மார்பில் கட்டி, பயாப்ஸி என்ற திசுப் பரிசோதனையை வெளியே ஒரு லேபில் எடுத்திருந்தார்கள். பரேலில் உள்ள டாடா நினைவு மருத்துவமனைக்குப் போவது என்று முடிவானதும் ரிப்போர்ட்டை மட்டும் எடுத்துக்கொண்டு கிளம்பினார்கள். புற்றுநோய் ஆஸ்பத்திரிகளில் வெளி ரிப்போர்ட்டோடு நிறுத்துவதில்லை, கண்ணாடி ஸ்லைடையும் மெழுகு பிளாக்கையும் கேட்டு வாங்கித் தாங்களே மறுபடி பார்ப்பார்கள் என்று சொல்லி அனுப்பினேன். திசு அந்த மெழுகுக்குள்தான் இருக்கிறது. அதிலிருந்து புதிதாகச் சீவி வேறு சோதனைகளும் செய்யலாம், மறுபடி ஊசி குத்த வேண்டிய அவசியம் குறையும். லேபில் எழுதிக் கொடுத்தால் தருவார்கள். ரசீது எண்ணும் பிளாக் எண்ணும் ரிப்போர்ட்டில் உள்ள எண்ணும் ஒன்றுதானா என்று அங்கேயே பாருங்கள். மே மாதத்தில் காருக்குள் வைத்துவிட்டுப் போகாதீர்கள், உருகும்.

அரசு, மாநகராட்சி ஆஸ்பத்திரிகளில் கூடுதலாக ஒரு வழி இருக்கிறது. நேரில் கேட்டுக் கிடைக்காவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டி விண்ணப்பிக்கலாம். தன்னுடைய ரெக்கார்டைத் தான் கேட்பதற்கு அது பொருந்தும். பதில் தர 30 நாள் அவகாசம் என்பதால் அவசரத்துக்கு உதவாது. அட்மிஷன் எண் தெரியாமல் அங்கே எதையும் தேடி எடுக்க முடியாது. ஆகவே நோயாளியின் பெயரைவிட எண்ணைப் பத்திரமாக வையுங்கள்.

இதெல்லாம் இன்னும் எதற்கு, ரெக்கார்டுகளைக் கணினி வழியாக இணைக்கும் ஆபா எண் வந்துவிட்டதே என்று தம்பி கேட்டான். 14 இலக்கம். ஆயுஷ்மான் பாரத் டிஜிட்டல் திட்டம் நாடு முழுவதற்கும் 2021 செப்டம்பரில் தொடங்கியது. அப்பாவுக்கும் எடுத்திருக்கிறோம். ரெக்கார்டுகள் ஒரே இடத்தில் குவிவதில்லை. அந்தந்த ஆஸ்பத்திரியின் கணினியில் இருக்கும், நாம் சம்மதம் கொடுத்தால் இன்னொருவர் பார்க்கலாம். நல்ல ஏற்பாடுதான். ஆனால் ஆஸ்பத்திரி அந்த வலையில் சேர்ந்து, நம் எண்ணோடு இணைத்திருந்தால்தான் எதுவும் தெரியும். 2018இல் பேனாவால் எழுதிப் பிவண்டியில் அடுக்கிய ஃபைலை அது தேடிக் கொண்டுவராது.

செம்பூர் டாக்டர் முதலில் அந்தக் கடிதத்தைப் படித்தார். பிறகு சிடியைத் தன் கணினியில் போட்டு, ஓடுகிறதைச் சில முறை நிறுத்தி நிறுத்திப் பார்த்தார். பில்லில் ஸ்டென்ட் வரியைத் தேடிக் குறித்துக்கொண்டார். மீதிக் கட்டை ஓரமாக நகர்த்திவிட்டார். அப்பாவுக்குத் தாங்கவில்லை. "இவ்வளவு அலைந்து வாங்கியது, பிரித்துக்கூடப் பார்க்கவில்லையே" என்று எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னார். டாக்டருக்கும் கேட்டுவிட்டது. "இன்றைக்கு எனக்கு இது போதும். என்றைக்காவது பார்க்க வேண்டிவரும், வீட்டில் வைத்திருங்கள்" என்றார். புதிதாக இரத்தப் பரிசோதனை எழுதினார், மருந்துகளில் ஒன்றைத் தவிர மற்றதை அப்படியே விட்டார்.

வெளியே வரும்போது வரவேற்பில் நின்று, இங்கே மெடிக்கல் ரெக்கார்ட்ஸ் எந்த மாடி, நகலுக்குப் பக்கத்துக்கு எவ்வளவு என்று விசாரித்தேன். அந்தப் பெண் கணினியில் அப்பாவின் பெயரைப் பார்த்துவிட்டு, "மேடம், இவர் இன்றைக்குத்தானே பதிவு செய்திருக்கிறார்?" என்றாள். ஆமாம், அதனால்தான் கேட்கிறேன் என்றேன். முதல் மாடியாம். சனிக்கிழமை மதியத்துக்கு மேல் கிடையாதாம்.